டெல்டா வயலுக்கு மண்வள அட்டை: முதல் 15 செ.மீ. சரி, அதற்குக் கீழே?

வயலின் மேல் 15 செ.மீ. மண்ணை ஆய்வகத்தில் பார்த்து, மத்திய அரசுத் திட்டத்தில் தருவது மண்வள அட்டை. காவிரி டெல்டாவில் அதை வாங்கலாமா என்றால், கட்டாயம் வாங்குங்கள். விவசாயிக்குச் செலவு இல்லை. பன்னிரண்டு எண்கள் கிடைக்கும், அவற்றில் ஏழெட்டு உடனே உரக் கணக்குக்கு உதவும். ஆனால் மாதிரி எடுக்கிற அன்று நிலத்துக்காரர் வயலில் நிற்க வேண்டும். அந்த வயல் ஆற்றுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், மேடா பள்ளமா என்பதை மாதிரிச் சீட்டில் எழுதிக் கொடுக்கவும் வேண்டும். இதைச் செய்யாத அட்டையில் எண்கள் சரியாகவே இருக்கும். அந்த எண்கள் எந்த மண்ணுடையவை என்பதுதான் யாருக்கும் தெரியாது.

முதலில் இந்தச் சேவை தருவது என்ன என்று பார்க்கலாம். கார அமில நிலை (பி.எச்.), உப்பின் அளவு (இ.சி.), கரிமம், தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் ஆகிய 12 எண்களும், பயிர்வாரியாக உரப் பரிந்துரையும் அட்டையில் இருக்கும். பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்பது திட்டத்தின் கட்டக் கணக்கு. 2.5 ஹெக்டேர் என்பது 6 ஏக்கர் 18 சென்ட். நம் ஊர்க் கணக்கில் ஒரு வேலிக்குக் கொஞ்சம் குறைவு.

சிக்கல் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. வேலிக்கு 20 மா. வாய்க்காலுக்கு இணையாகக் கிடக்கும் 20 மா ஒரே மண்ணாக இருக்கலாம். ஆற்றங்கரையிலிருந்து வடிகால் வரை இறங்கிக் கிடக்கும் 20 மாவில் மூன்று மண் இருக்கும். மூன்றையும் ஒரே வாளியில் கலந்து அனுப்பினால் வரும் விடை மூன்றில் எதற்கும் பொருந்தாது.

இந்தத் திட்டத்தைத் தொடங்கிய இடம் ராஜஸ்தானில் உள்ள சூரத்கர், 2015 பிப்ரவரி 19 அன்று. தார் பாலைவனத்தின் ஓரத்தில், மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் காணும் கக்கர் ஆற்றின் வெள்ளச் சமவெளியில் இருக்கிற ஊர். அந்த ஆற்றுத் தடத்தை அங்கே நாளி என்பார்கள். சுற்றிலும் மணல் குன்றுகள், நடுவே வண்டல் படிந்த தாழ்வான பட்டை, அந்தப் பட்டையில் மட்டும் நெல் விளைகிறது. களியும் வண்டலும் நீரைப் பிடித்து வைப்பதால் பாலைவனத்தின் நடுவே நெல் நடவு. ஆழமாகத் தோண்டினால் அந்த வண்டலுக்குக் கீழே, இமயமலையிலிருந்து பெரிய ஆறு ஒன்று கொண்டுவந்து கொட்டிய சாம்பல் நிற மணல் கிடைக்கிறது. மேலே ஒரு கதை, கீழே வேறொரு கதை. அட்டை பிறந்த ஊரிலேயே முதல் 15 செ.மீ. முழு விவரம் அல்ல.

வறண்ட நாட்டு ஓடைகளின் மண்ணைப் படித்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மண்ணைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அது கிடக்கிற உயரத்தைப் பார்ப்பார்கள். ஓடை வெட்டிக்கொண்டு கீழே இறங்க இறங்க, அதன் பழைய வெள்ளச் சமவெளிகள் இரு பக்கமும் படிக்கட்டு போல மேலே நின்றுவிடும். கீழ்ப்படி இளையது. அங்கே மணலும் வண்டலும் வெள்ளம் கொட்டிய வரிசையிலேயே அடுக்கடுக்காக இருக்கும். மேல்படி மூத்தது. மழைநீர் காலங்காலமாகக் களியைக் கீழே இறக்கியிருக்கும், மண் சிவந்திருக்கும். சுண்ணாம்பை முழுதாகக் கழுவிவிட அங்கே மழை போதாது, அதனால் அது ஓர் ஆழத்தில் தங்கிவிடும். முதலில் கூழாங்கற்களின் அடிப்பக்கத்தில் வெள்ளைப் பூச்சாகத் தெரியும், பிறகு கட்டி கட்டியாகும், கடைசியில் சிமெண்ட் தளம் போல இறுகிவிடும். இரண்டு படியிலும் மேல்மண்ணின் பி.எச். ஒன்றாகவே வரலாம். ஒன்றில் வேர் இரண்டு மீட்டர் இறங்கும், மற்றதில் அரை மீட்டரில் முட்டி நிற்கும்.

டெல்டாவில் இப்படிக் கண்ணில் அறையும் படிக்கட்டு கிடையாது. உயர வேறுபாடு பல இடங்களில் ஒரு முழம், இரண்டு முழம்தான். ஆனால் விதி அதே விதி: உயரமும் ஆற்றிலிருந்து உள்ள தூரமும்தான் மண்ணை முடிவு செய்கின்றன.

காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, அரசலாறு எல்லாமே தாங்கள் கொட்டிய மண் மேட்டின் மேல்தான் ஓடுகின்றன. வெள்ளம் கரை தாண்டியதும் வேகம் குறைகிறது. கனமான மணலும் பொடிமணலும் கரையிலேயே விழுகின்றன. நுண்ணிய களி மட்டும் தண்ணீரோடு தூரம் போய்ப் பள்ளத்தில் அமர்கிறது. அதனால்தான் ஊரும் சாலையும் தென்னையும் ஆற்றங்கரை மேட்டிலும், நெல் வயல் இரண்டு ஆறுகளுக்கு நடுவே உள்ள தாழ்வான தொட்டியிலும் இருக்கின்றன. வடிகால் அந்தத் தொட்டியின் அடியில் ஓடும். ஊர்ப் பெயர்களே பாதி மண் வரைபடம்: மணல்மேடு, திட்டை, திடல், பள்ளம். ஆற்றிடைத் திட்டுக்குத் துருத்தி என்று பெயர் வைத்தவர்கள் நிலத்தைப் பார்க்கத் தெரிந்தவர்கள். திருப்பூந்துருத்தி காவிரிக்கும் குடமுருட்டிக்கும் இடையில்தான் இருக்கிறது.

மண் ஆய்வில் வகுத்துப் பெயரிட்டிருக்கும் மண் வகைகளான ‘தொடர்களும்’ இந்த உயர வரிசையைத்தான் சொல்கின்றன. ஆற்றை ஒட்டிய இளம் வண்டல், படுகைத் தொடர். உள்ளே போனால் களிப்பாங்கான ஆதனூர், களத்தூர் தொடர்கள். தெற்கே புது ஆற்றுப் பாசனத்தில் செம்மண்ணான மதுக்கூர்த் தொடர். மண்வள அட்டையின் 12 எண்களில் இந்தப் பெயருக்கு இடமில்லை, மண்ணின் நயத்துக்கும் (மணலா களியா என்பதற்கும்) இடமில்லை, ஆழத்துக்கும் இடமில்லை. இதுதான் சேவையின் பெரிய குறை.

படுகையில் இந்தக் குறை எவ்வளவு கடிக்கும் என்று பார்ப்போம். ஆற்றுக்கும் வெள்ளக் கரைக்கும் இடைப்பட்ட நிலம் அது. வாழை, கரும்பு, வெற்றிலை, கோரை எல்லாம் வரும். மேலே 50, 60 செ.மீ. நல்ல பொடி வண்டல், அதற்குக் கீழே தூய மணல் என்பது அங்கே சாதாரணம். அட்டைக்குப் போவது மேல் 15 செ.மீ., அது எப்போதும் அழகாகவே தெரியும்: பி.எச். நடுநிலை, உப்பு இல்லை, சாம்பல் சத்து நடுத்தரம். பரிந்துரைப்படி யூரியாவை இரண்டே தவணையில் போட்டுத் தண்ணீர் கட்டினால் தழைச்சத்து மணலைத் தாண்டி இறங்கிவிடும். பொட்டாஷும் களிமண்ணில் தங்குகிற அளவுக்கு இங்கே தங்காது. படுகை வாழைக்கு அட்டை சொல்லும் மொத்த அளவை மாற்ற வேண்டியதில்லை, தவணையைத்தான் கூட்ட வேண்டும். அந்த முடிவை எடுக்க மணல் எத்தனை செ.மீ.யில் தொடங்குகிறது என்ற ஒரே எண் போதும். அட்டையில் அது கிடையாது. இன்னொன்றும் உண்டு. 1934-இல் மேட்டூர் அணை வந்ததிலிருந்து ஆற்று வண்டலில் பெரும்பகுதி அணையிலேயே தங்கிவிடுகிறது. வெள்ளம் வந்து படுகையைப் புதுப்பித்துவிடும் என்ற பழைய நம்பிக்கையை வைத்து இன்றைக்கு உரத்தைக் குறைக்க முடியாது.

அடுத்தது, மூடிப்போன பழைய ஆற்றுத் தடங்கள். டெல்டாவில் ஆறுகள் இடம் மாறியபோது விட்டுப்போன மணல் பட்டைகள், மேலே களி மூடிய நிலையில், வயல்களுக்கு அடியில் வளைந்து வளைந்து கிடக்கின்றன. நடைமுறையில் இவற்றைக் கண்டுபிடிக்க எளிய அடையாளம் வடிமுனைக் குழாய்க் கிணறு. ஃபில்டர் பாயிண்ட் குறைந்த ஆழத்திலேயே தண்ணீர் கொட்டுகிற இடமெல்லாம் அடியில் மணல் இருக்கிற இடம். நடவு வயலில் கட்டிய தண்ணீர் மறுநாளே காணாமல் போகிறது, பக்கத்து வயலில் மூன்று நாள் நிற்கிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். இந்த வயலுக்கும் பக்கத்து வயலுக்கும் அட்டையில் எண்கள் ஒன்றாகவே வரும், மேல் களி ஒன்றுதானே. அட்டையை மட்டும் பார்த்துவிட்டு, அடிமண் இறுக்கத்துக்கு உளிக் கலப்பை ஓட்டச் சொன்னால் பெரிய தீங்கு. ஓட்டி ஓட்டி இறுகிய 15, 20 செ.மீ. ஆழத்து அடித்தளம்தான் அந்த வயலில் தண்ணீரை நிறுத்திக்கொண்டிருக்கிறது. அதைக் கிழித்தால் நெல்லுக்குக் கட்டும் தண்ணீர் நேராக மணலுக்குப் போய்விடும். அதே உளிக் கலப்பை, அடியிலும் களி இருக்கும் நிலத்தில் கரும்புக்கோ பருத்திக்கோ நல்ல கருவி.

உட்பகுதிக் களியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மன்னார்குடி, நீடாமங்கலம், திருவாரூர்ப் பக்கத்து விவசாயிக்கு அது அத்துபடி. சம்பா அறுத்தபின் வெடிக்கும், பயறு, உளுந்தின் வேர் அறுபடும், நனைந்தால் மூடிக்கொள்ளும். இந்த மண்ணுக்கு அட்டை நன்றாகவே வேலை செய்கிறது. ஆழம் முழுக்க ஒரே மண், பரப்பும் சமம், வேலிக்கு ஒரு மாதிரி என்பதில் தவறு குறைவு.

புது ஆறு என்று நாம் சொல்லும் கல்லணைக் கால்வாய் 1934-இல் தண்ணீர் கொண்டுபோன ஒரத்தநாடு, மதுக்கூர், பட்டுக்கோட்டை பக்கம் கதை வேறு. அது காவிரியின் இளம் வண்டல் அல்ல, மூத்த மேட்டு நிலம். பாலைவன ஓடையின் மேல்படிக்கு ஒப்பானது என்று வைத்துக்கொள்ளலாம், இங்கே மழை அதிகம் என்பதால் சுண்ணாம்பு தங்கவில்லை. மேலே மணற்பாங்கான செம்மண், கீழே இறங்கிய களி. வல்லம் பக்கம் போனால் செம்புறாங்கல்லே தலை நீட்டும். இந்த மண்ணில் பி.எச். 6.5-க்குக் கீழே வருவது உண்டு. மணிச்சத்தைக் காண நடுநிலை, கார மண்ணுக்கு ஒல்சன் முறை, அமில மண்ணுக்கு பிரே முறை என்று சத்தைப் பிரித்தெடுக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. எந்த முறையில் பார்த்தது என்று தெரியாமல் மணிச்சத்து எண்ணை வைத்து டி.ஏ.பி.யைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஆய்வகத்தில் கேட்டால் சொல்வார்கள். கேளுங்கள்.

கடலோரத்தில் அட்டையின் மதிப்பு இ.சி. என்ற ஒரே எண்ணைப் படிக்கத் தெரிவதில் இருக்கிறது. வேதாரண்யத்தில் பழைய கடற்கரைகள் மணல் மேடுகளாக ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கின்றன, அவற்றுக்கு நடுவே தாழ்ந்த பட்டைகள். மேட்டில் மா, சவுக்கு, மல்லிகை. அங்கே மழைநீர் மணலுக்குள் இறங்கி உப்புநீரின் மேல் மெல்லிய போர்வையாக மிதக்கிறது. பள்ளத்தில் உப்பு ஏறுகிறது. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் சில நூறு அடிதான் இடைவெளி, ஒரே சர்வே எண்ணாகவும் இருக்கும்.

இ.சி. எண்ணில் மூன்று பொறிகள் உள்ளன. ஒன்று, காலம். கோடையில் உப்பு மேலே ஏறி வெள்ளையாகப் பூக்கும், வடகிழக்குப் பருவமழையில் கீழே இறங்கும். மே மாத மாதிரியும் நவம்பர் மாத மாதிரியும் ஒரே வயலில் இரு வேறு அட்டை தரும். சீட்டில் மாதம் எழுதுங்கள். மறு அட்டையை அதே மாதத்தில் எடுங்கள். இரண்டு, முறை. அட்டைக்கு ஒரு பங்கு மண்ணில் இரண்டரைப் பங்கு தண்ணீர் கலந்து அளக்கிறார்கள். பயிரின் உப்புத் தாங்கும் அளவைச் சொல்லும் அட்டவணைகளோ மண்ணைத் தண்ணீரில் குழைத்துக் கூழாக்கி, அதன் சாற்றில் அளந்தவை. கூழ்ச் சாற்றின் எண் கலக்கல் எண்ணைவிடச் சில மடங்கு கூடுதலாக வரும், மணலில் இன்னும் கூடும். நெல்லுக்குக் கூழ்ச் சாற்றுக் கணக்கில் மீட்டருக்கு 3 டெசிசீமென் (இ.சி.யின் அலகு) தாண்டினால் விளைச்சல் சரியத் தொடங்கும், அதற்கு மேல் ஒவ்வொரு டெசிசீமெனுக்கும் 12 விழுக்காடு போகும். ஆக, அட்டையில் 0.9 வந்து இயல்பு என்று அச்சாகியிருந்தாலும், கடைமடையில் அது நாற்றைக் கருக்குகிற அளவாக இருக்க இடமுண்டு. கடலோர விவசாயி 1 என்ற எல்லையை நம்பாமல் 0.5 தாண்டினாலே கூழ்ச் சாற்று ஆய்வு கேட்பது நல்லது. மூன்று, உப்பும் களரும் வேறு வேறு. களரில் சிக்கல் சோடியம். அதற்கான எண், அதாவது மண் பிடித்து வைத்திருக்கும் சோடியத்தின் விழுக்காடு, 12-இல் இல்லை. பி.எச். 8.5-க்கு மேல் போய், இ.சி. குறைவாக இருந்து, நனைந்த மண் சோப்பு போல வழுக்கி, காய்ந்தால் மேலே ஓடு கட்டினால் களர் என்று சந்தேகிக்கலாம். எத்தனை டன் ஜிப்சம் என்பதை அட்டையிலிருந்து கணக்கிட முடியாது. ஜிப்சம் தேவை ஆய்வு என்று தனியாக எழுதிக் கேட்க வேண்டும். தஞ்சாவூர் காட்டுத்தோட்டத்தில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண் மற்றும் நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையம் இத்தகைய கேள்விகளுக்கு என்றே இருப்பது.

ஆழ்துளைத் தண்ணீரில் பாசனம் செய்கிறவர்கள் மண்ணோடு ஒரு லிட்டர் தண்ணீரையும் கொடுத்து எஞ்சிய சோடியம் கார்பனேட் பார்க்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு மில்லி ஈக்விவலன்ட் கணக்கில் அது 1.25-க்குள் இருந்தால் கவலை இல்லை, 2.5 தாண்டினால் அந்தத் தண்ணீர் எந்த நல்ல மண்ணையும் சில வருடங்களில் களராக்கிவிடும்.

கரிம எண்ணிலும் கடலோரத்தில் ஒரு எச்சரிக்கை உண்டு. வாக்லி பிளாக் முறையில் டைகுரோமேட் எவ்வளவு செலவாகிறது என்று பார்த்துக் கரிமத்தைக் கணக்கிடுகிறார்கள். உப்பு மண்ணில் குளோரைடும் அந்த டைகுரோமேட்டைத் தின்னும், கரிமம் இருப்பதற்கு மேல் காட்டும். சில்வர் சல்பேட் சேர்த்தால்தான் சரியாகும். தண்ணீர் நின்ற வயலிலிருந்து ஈரத்தோடு எடுத்த மண்ணில் இரும்பும் இதே பிழையைச் செய்யும், நன்றாக உலர்த்தினால் அது தணிந்துவிடும். உப்புப் பூத்த வயலுக்கு 0.8 விழுக்காடு கரிமம் என்று வந்தால் மகிழ்ந்துவிடாமல் மறு ஆய்வு கேளுங்கள்.

துத்தநாகம்தான் நெல்லுக்கு இந்த அட்டை தரும் மிகப் பயனுள்ள எண். தண்ணீர் நின்ற களியில் துத்தநாகப் பற்றாக்குறை பரவலாக வரும், நட்ட இரண்டு மூன்று வாரத்தில் இலையில் துருப்பிடித்தாற்போல் பழுப்புத் திட்டு, பயிர் குட்டை. பற்றாக்குறை என்று வந்தால் ஹெக்டேருக்கு 25 கிலோ, அதாவது ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து கடைசி உழவுக்குப் பின் தூவுவது வழக்கம். சூப்பர் பாஸ்பேட்டோடு ஒரே பையில் கலக்காதீர்கள். இந்த எண் கெடுவதற்குப் பெரும் காரணம் ஆய்வகம் அல்ல, வாளி. ஜி.ஐ. வாளியின் பூச்சே துத்தநாகம். துருப்பிடித்த மண்வெட்டி இரும்பு எண்ணைக் கெடுக்கும். பிளாஸ்டிக் வாளி, சுரண்டுவதற்கு மூங்கில் சில்லு, இவை போதும்.

மாதிரி எடுக்கும் முறை எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது, டெல்டாவுக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறோம். சம்பா அறுவடைக்குப் பின், மண்ணில் கால் பதியும் ஆனால் புதையாது என்ற ஈரத்தில் எடுங்கள். உரம் போட்டு ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். மேடு, நடு, பள்ளம் என்று நிலத்தை முதலில் கண்ணால் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வாளி வையுங்கள். ஒரு பிரிவில் 10 முதல் 15 இடம். வரப்பு ஓரம், வாய்க்கால் மடை, எருக் குவித்த இடம், நாற்றங்கால், வைக்கோல் எரித்த இடம், மர நிழல் வேண்டாம். மேல் குப்பையை விலக்கி ‘வி’ வடிவில் 15 செ.மீ. குழி வெட்டி, குழியின் ஒரு சரிவில் மேலிருந்து அடி வரை ஒரே கனத்தில் இரண்டு செ.மீ. தடிமனுக்குச் சீவி எடுக்க வேண்டும். மேலே அதிகமாகவும் அடியில் கொஞ்சமாகவும் சீவினால் மணிச்சத்து உயர்ந்து காட்டும், அது மேல்மண்ணிலேயே தேங்குகிற சத்து. கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளி, அரை கிலோ மீதமாகும் வரை திரும்பச் செய்யுங்கள். நிழலில் உலர்த்துங்கள். உரச் சாக்கில் மட்டும் போடாதீர்கள், உதறினாலும் கழுவினாலும் அதில் ஒட்டிய உரம் போகாது. சீட்டைப் பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கரையும்.

இனி அட்டை தராத பகுதி: அடிமண். இதற்கு ஒரு கை ஆகர் (கையால் திருகி மண்ணைத் துளைத்து எடுக்கும் கருவி) போதும். 7 செ.மீ. விட்டத் தலை, ‘டி’ வடிவக் கைப்பிடி, ஒரு மீட்டர் நீட்டுக் கம்பி. வாங்கும்போது தலையைப் பாருங்கள். களிக்கு ஒடுங்கிய இரு தகடுகள் உள்ள தலை, ஒட்டிய மண்ணைக் கட்டைவிரலால் தள்ளிவிடலாம். மணலுக்கு அகன்ற தகடுகள், இல்லாவிட்டால் தூக்கும்போதே கொட்டிவிடும். ஒரே தலைதான் வாங்க முடியும் என்றால் இரண்டுக்கும் நடுவான கலப்புத் தலை டெல்டாவுக்குச் சரி. சுருள் திருகு போன்ற மரத்துளைத் தலை அடுக்குகளை ஒன்றோடொன்று கலக்கிவிடும். அது கம்பம் நடக் குழி போட உதவும், மண் படிக்க உதவாது. ஊரில் கூட்டுச் சேர்ந்து ஒன்று வாங்கினால் ஒரு தலைமுறைக்கு வரும். ஒவ்வொரு முறையும் கழுவி எண்ணெய் தடவி வையுங்கள், ஆனால் சத்து ஆய்வுக்கு மண் எடுக்கும் முன் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள்.

ஒரு கடிக்கு, அதாவது ஆகரை ஒரு முறை இறக்கி எடுப்பதற்கு, மூன்று சுற்று, அதற்கு மேல் வேண்டாம். அதிகம் திருகினால் தலை நெரிந்து சிக்கும், இழுக்க இரண்டு ஆள் வேண்டிவரும். ஒவ்வொரு கடியையும் சாக்கின் மேல் வரிசையாக, பக்கத்தில் டேப்பை நீட்டி வையுங்கள். ஒவ்வொன்றின் உச்சியில் உள்ள இரண்டு செ.மீ., குழியின் மேற்பகுதியிலிருந்து சரிந்து விழுந்த மண், அதைக் கழித்துவிடுங்கள். வெளிப்புறப் பூச்சையும் சுரண்டிவிட்டு உள்மண்ணைப் பாருங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே மணல் வந்தால் குழி இடிந்து மூடும். நான்கு அங்குல பி.வி.சி. குழாயை உள்ளே இறக்கிக்கொண்டு அதன் வழியே எடுக்கலாம், ஆனால் மணல் தொடங்கும் ஆழம் தெரிந்துவிட்டால் அத்தோடு நிறுத்திக்கொள்வதே போதும்.

பார்க்க வேண்டியவை நான்கு. நயம்: ஈர மண்ணைக் கயிறாகத் திரித்து வளையமாக வளைக்கலாம், விரிசல் விழாமல் வளைந்தால் களி, திரிக்கும்போதே உதிர்ந்தால் மணல். நிறம்: துருப் புள்ளிகள் எந்த ஆழத்தில் தொடங்குகின்றனவோ அது வரை நீர்மட்டம் வருடத்தில் ஏறி இறங்குகிறது. நீலம் கலந்த சாம்பல் என்றால் அங்கே எப்போதும் நீர் நிற்கிறது, தென்னை வைத்தாலும் வேர் அதற்குமேல் இறங்காது. சுண்ணாம்பு: நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும், சுக்கான்கல் கையிலேயே தட்டுப்படும். நான்காவது, அடுக்குகளின் எல்லை: ஒரே கடியில் களி சட்டென்று மணலாக மாறினால் வெள்ளம் கொட்டிய இளம் அடுக்கு. சிறிது சிறிதாக மாறினால் மண் அந்த இடத்திலேயே நெடுங்காலம் முதிர்ந்திருக்கிறது. ஆற்றங்கரையிலிருந்து வடிகால் வரை ஒரே கோட்டில் ஐந்து குழி, ஒவ்வொன்றும் ஒரு மீட்டர். ஒரு வேலிக்கு அரை நாள் வேலை. அடிமண் மாறாது என்பதால் இதை ஒரு முறை செய்து நோட்டில் வரைந்து வைத்தால் போதும், அட்டையைத்தான் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும்.

அடிமண் மாறாது என்ற சொல்லுக்கு விலக்கு உண்டு. லேசர் லெவலர் ஓட்டிய வயலில் மேடு வெட்டப்பட்ட பாகத்தில் அடிமண் மேலே வந்துவிடும், மணிச்சத்தும் துத்தநாகமும் அங்கே சட்டென்று குறையும். பழைய அட்டை அன்றோடு செல்லாது. சமன் செய்த முதல் போகத்தில் வெட்டிய பாகத்துக்குத் தனி மாதிரி, தனி உரம், இரட்டிப்பு எரு. சவடு எடுத்த நிலம், ஏரி வண்டல் அடித்த நிலம் எல்லாவற்றுக்கும் இதே கதை. கடல்நீர் ஏறிய நிலத்துக்கும்தான். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகும், 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகும், கடலோரத்தில் நீர் ஏறிய வயல்களுக்கு முந்தைய எண்கள் எதுவும் பொருந்தவில்லை. அப்படிப்பட்ட நிலத்தில் 0–15, 15–30, 30–60, 60–100 செ.மீ. என நான்கு ஆழத்தில் தனித்தனி மாதிரி கொடுத்தால்தான் உப்பு இறங்குகிறதா, அடியில் தேங்கி நிற்கிறதா என்று தெரியும். மேல் மாதிரி சுத்தமாகவும் 30 செ.மீ.க்குக் கீழே உப்பாகவும் இருந்தால் நெல் நடலாம், உளுந்தைத் தவிர்க்கலாம், கோடையில் நிலத்தைத் தரிசாகக் காயவிடக் கூடாது.

தொட்டிக் களியில் நெல் மட்டும் செய்கிறவருக்கு இந்தச் சேவை அப்படியே போதும். செம்மண் மேட்டுக்காரர் மணிச்சத்து முறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும். படுகையிலும், ஃபில்டர் பாயிண்ட் ஓடும் வயலிலும் ஆகர் இல்லாமல் அட்டையை மட்டும் வைத்து வாழையோ தென்னையோ போடாதீர்கள். கடைமடைக்காரர் மாதிரிச் சீட்டின் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதிக் கொடுங்கள்: கடைசியாக மழை பெய்த தேதி, வயலுக்கு வரும் தண்ணீர் ஆற்றுநீரா ஆழ்துளையா, ஜிப்சம் தேவையும் பார்க்க வேண்டும்.